நடிகர் இறந்த பிறகும் சாகாத பாத்திரம்

2023 செப்டம்பர் 8 அன்று காலை, 'எதிர்நீச்சல்' தொடருக்கான குரல்பதிவின்போது உடல்நலம் குன்றிய மாரிமுத்து, சிறிது நேரத்தில் மாரடைப்பால் காலமானார். 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' ஆகிய படங்களை இயக்கியவர் அவர். ஆயினும் இரவுதோறும் சன் தொலைக்காட்சியின்முன் அமர்ந்த குடும்பங்களுக்கு அவர் ஆதி குணசேகரன். வீட்டுப் பெண்களை அதட்டியே ஆண்ட மூத்த அண்ணன். சில வாரங்களில் எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அதே குணசேகரனாக அதே வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி, தாய், தம்பிகள் எவருக்கும் முகம் மாறியது தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த அனைவருக்கும் தெரிந்தது.

இந்தியத் தினசரித் தொடர்களில் சாவு மிக மலிவான சரக்கு. விபத்து, விஷம், மலையுச்சியிலிருந்து தள்ளுதல் என்று மாதத்துக்கொரு மரணம் நிகழும். செத்தவர் திரும்பி வருவதும் வழக்கமே. 2000இல் தொடங்கிய 'கியூங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ' தொடரில் நாயகன் மிஹிர் கொல்லப்பட்டபோது எழுந்த எதிர்ப்பைக் கண்டு அவன் உயிர்ப்பிக்கப்பட்டான். பின்னர் அமர் உபாத்யாய் விலகியதும் இந்தர் குமார், அவருக்குப்பின் ரோனித் ராய் என ஒரே மிஹிருக்கு மூன்று முகங்கள் வந்தன. உயிரோடிருக்கும் நடிகரின் பாத்திரத்தை இவ்வளவு எளிதாகக் கொல்லும் இந்தத் தொடர்கள், நடிகர் உண்மையிலேயே இறந்துவிட்டால் மட்டும் அப்பாத்திரத்தைச் சாகவிட மறுக்கின்றன என்பதே விந்தை.

காரணம் எளியது. வாரத்தில் ஐந்து அல்லது ஆறு நாட்கள் ஒளிபரப்பாகும் தொடருக்குக் கையிருப்பில் இருப்பவை சில நாட்களுக்கான பகுதிகளே. படப்பிடிப்பு நின்றால் ஒளிபரப்பு நிற்கும். அந்த அரைமணி நேரத்துக்கு விளம்பரம் தந்தவர்கள் கணக்குக் கேட்பார்கள். பாத்திரத்தின் உரிமையும் தயாரிப்பு நிறுவனத்திடமே இருப்பதால், இறந்தவரின் இடம் காலிப் பணியிடமாகிவிடுகிறது.

இதற்கு மரபிலிருந்தே ஒரு நியாயம் சொல்ல முடியும். தெருக்கூத்தில் துரியோதனன் வேடம் கட்டியவர் மறைந்தால் வேறொருவர் கட்டுகிறார்; வேடம் ஆளைவிடப் பெரியது என்பார்கள். வலுவான வாதம்தான். ஆனால் துரியோதனன் அந்தக் கலைஞர் பிறக்கும் முன்பே ஊரறிந்தவன். குணசேகரனோ மாரிமுத்துவின் குரலுக்கும் 'ஏய், இந்தாம்மா' என்ற அதட்டலுக்கும் முன்பு எங்கும் இருந்ததில்லை. எழுதியவர் ஒரு கோட்டோவியம் தந்திருக்கலாம். உடலும் மூச்சும் நடிகருடையவை. அந்த உடல் போனபின் 'வேடம்' என்று எஞ்சுவது பெயரும் உறவுமுறையும் மட்டுமே.

ஆயினும் 'எதிர்நீச்சல்' ஆளை மாற்றியதைக் குறைசொல்வதற்கில்லை. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி ஆகிய நான்கு மருமகள்கள் ஓர் ஆணின் அதிகாரத்தை எதிர்த்து எழுவதே அக்கதை. அந்த ஆள் நெஞ்சுவலியில் செத்துப்போனால் அவர்கள் யாரை வெல்வது? ஆதிக்கக்காரன் தோற்காமலே தப்பிவிடுவான். இரங்கலின் ஒளியில் நல்லவனாகவும் ஆகிவிடுவான். துக்கவீட்டில் கொடியவரையும் புகழ்வது நம்மூர் வழக்கமாயிற்றே. வில்லன் உயிரோடிருப்பது அங்கே கதையின் அறம்.

இதே நியாயம் 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா'வுக்குப் பொருந்தாது. 2008இல் தொடங்கிய இந்த இந்தி நகைச்சுவைத் தொடரில் டாக்டர் ஹாத்தியாக நடித்த கவி குமார் ஆசாத் 2018 ஜூலையில் இறந்தார்; தொடக்க காலத்தில் அவ்வேடத்தில் நடித்த நிர்மல் சோனி மீண்டும் வந்தார். நட்டு காகாவாக நடித்த குஜராத்தி நாடக மூத்தவர் கனஷ்யாம் நாயக் 2021 அக்டோபர் 3 அன்று புற்றுநோயால் மறைந்தார். அடுத்த ஆண்டு கிரண் பட் அந்த இடத்துக்கு வந்தார். கோகுல்தாம் குடியிருப்பில் விநாயகர் சதுர்த்தியும் நவராத்திரியும் ஹோலியும் நாட்காட்டி தவறாமல் வரும். உள்ளே வராத ஒரே விருந்தாளி சாவு. நட்டு காகாவைச் சுற்றித் தீராத கதைமுடிச்சு ஏதுமில்லை. முதலாளி ஜேட்டாலாலிடம் சம்பள உயர்வு கேட்டுக்கொண்டேயிருக்கும் முதிய கடைச் சிப்பந்தி அவர். அவர் இல்லாமலும் கடை நடக்கும். அந்த இல்லாமையைக் காட்டத்தான் தொடருக்கு மனம் வரவில்லை.

குழந்தைகள் தாங்கமாட்டார்கள் என்பது வழக்கமான சமாதானம். மழலையருக்கென்றே எடுக்கப்பட்ட அமெரிக்கத் தொடரான 'செசமி ஸ்ட்ரீட்' இதை 1983இலேயே மறுத்துவிட்டது. கடைக்காரர் மிஸ்டர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தார். வேறொருவரை நடிக்கவைப்பதும், ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று சொல்வதும் வேண்டாம் என்று முடிவுசெய்தனர். உளவியல் அறிஞர்களின் ஆலோசனையோடு எழுதப்பட்ட பகுதி 1983 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பானது. எல்லாருடைய உருவத்தையும் வரைந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவரும் பெரிய மஞ்சள் பறவை, ஹூப்பருக்கான படத்தை நீட்டியபடி அவர் எப்போது வருவார் என்று கேட்கிறது. வரமாட்டார், இறந்தவர்கள் திரும்புவதில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர்களின் கண்ணீரில் நடிப்பு குறைவு. ஒரு சக நடிகரை உண்மையாகவே இழந்தவர்கள் அவர்கள்.

இத்தனை வளமும் அவகாசமும் நம் தொடர்களுக்கு இல்லை என்பது மெய். வில் லீ இறந்து ஏறத்தாழ ஓராண்டு கழித்தே அந்தப் பகுதி வந்தது. இங்கே ஒரு வாரம் கிடைப்பதே அரிது. அதற்காக, நினைவஞ்சலி என்ற பெயரில் இறந்தவரின் கடைசிக் காட்சிகளை முன்னோட்டமாக்கிப் பரபரப்பு மூட்டுவது துக்கத்தில் சேராது. அதைவிட மௌனமே மேல். கேட்பது பெரிய காவியமன்று. புதியவர் வரும் நாளில் பழையவரின் பெயரையும் படத்தையும் தொடக்க அட்டையில் காட்டலாம். கதை இடந்தந்தால் பாத்திரத்தையும் வழியனுப்பலாம். தராவிட்டால் சில வாரம் அந்த நாற்காலியைக் காலியாக விடலாம்.

ஜேட்டாலாலின் 'கடா எலக்ட்ரானிக்ஸ்' ஒரு நாள் மட்டும் சாத்தியிருந்திருக்கலாம். நட்டு காகா காலமானதால் இன்று கடை விடுமுறை என்று கதவில் ஒரு தாள். அதன்முன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் முதலாளி. ஒரு காட்சிக்கு அவ்வளவு போதும்.