விண்ணப்பத்தைத் தமிழில் கேளுங்கள்

திருநெல்வேலிச் சீமையில் கொடுப்பவர்களுக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. காது கேளாத குழந்தைகளுக்கும் பார்வையற்ற குழந்தைகளுக்கும் பாளையங்கோட்டையில் பள்ளிகள் எழுந்தது 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்கு முன்பே. ஆற்றங்கரை ஊர்களில் பிறந்து சென்னை, மும்பை, வளைகுடா நாடுகள் என்று போய்ச் சம்பாதித்தவர்கள் தாய் தகப்பன் பெயரில் அறக்கட்டளை வைத்துப் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் கொடுத்துவருகிறார்கள். தொழில் நிறுவனங்களின் அறக்கட்டளைகளும் இப்போது சேர்ந்திருக்கின்றன. பணம் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறும் வழிதான் ஆண்டுக்கு ஆண்டு கரடுமுரடாகிக்கொண்டே போகிறது. தாமிரபரணிக் கரையில் நிதி கொடுக்கும் அறக்கட்டளைகள் விண்ணப்பத்தைத் தமிழில், இரண்டு பக்கத்துக்குள் கேட்க வேண்டும். நேரில் போய்ப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். இல்லை என்றாலும் காரணத்தோடு பதில் எழுத வேண்டும். அறத்தின் பெயரில் வரிவிலக்கு பெற்ற பணத்துக்கு இது கடமை என்பதே நமது கருத்து.

களக்காட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் பெண்கள் சிலர் சேர்ந்து மாலைநேர வகுப்பு நடத்த நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூரில் பட்டம் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கும் ஒரு பெண்ணுக்கு மாதம் ஒரு தொகை, விளக்கு, பாய், நோட்டுப் புத்தகம். ஆண்டுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் இருந்தால் நடந்துவிடும். அதற்கு நிதி கேட்டுப் போனால் கையில் கிடைக்கும் படிவத்தைப் பாருங்கள். பக்கம் பக்கமாக ஆங்கிலம். செய்யப்போவது என்ன, அதனால் விளைவது என்ன, நீண்டகாலத் தாக்கம் என்ன என்று மூன்று தனித்தனிக் கட்டங்கள். இணைக்க வேண்டியவை: சங்கப் பதிவுச் சான்று, துணைவிதி நகல், பான் அட்டை, 12ஏ, 80ஜி சான்றுகள், தர்பண் எண், மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, மூன்று கடைகளின் கொட்டேஷன், நிர்வாகக் குழுத் தீர்மானத்தின் நகல். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் போட்டு, ஸ்கேன் செய்து, குறிப்பிட்ட அளவுக்குள் சுருக்கி ஏற்ற வேண்டும். ஐம்பதாயிரத்துக்கும் இதே படிவம்தான், ஐம்பது லட்சத்துக்கும் இதே படிவம்தான். இதை நிரப்பித் தருவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நிதி வந்தால் இத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்கிறார்கள். பிள்ளைகளின் பாய்க்கும் விளக்குக்கும் வர வேண்டிய பணம் அந்த இடத்திலேயே கசிகிறது.

இந்தப் படிவம் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி உள்ள நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கென (சிஎஸ்ஆர்) செலவிட வேண்டும் என்றது. நிறுவனம் வெளியாள் மூலம் பணியைச் செய்தால் அந்தத் தொண்டு அமைப்புக்குக் குறைந்தது மூன்றாண்டு அனுபவம் வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து அந்த அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவும் செய்திருக்க வேண்டும். பெரும் பணம் புழங்கும் இடத்தில் இந்தக் கட்டுப்பாடுகள் நியாயம்தான்.

ஆனால் ஒரு குடும்பம் தன் சொத்திலிருந்து நடத்தும் அறக்கட்டளையை இந்த மூன்றாண்டு விதி கட்டுப்படுத்தாது. வருமான வரிச் சட்டம் அதனிடம் கேட்பது வேறு: பொதுவிதியாக, வருமானத்தில் 85 சதவீதத்தைத் தன் நோக்கங்களுக்குச் செலவிட்டிருக்கிறதா, அதற்குக் கணக்கு இருக்கிறதா என்பதே. அறக்கட்டளை தானே நேரடியாகச் செலவிடலாம். வகுப்பெடுக்கும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஊதியத்தைப் போடலாம். பாய்க் கடைக்காரருக்குப் பில்லைப் பார்த்துப் பணம் கொடுக்கலாம். 2023 பட்ஜெட்டுக்குப் பிறகு இதில் ஒரு லாபமும் உண்டு. ஓர் அறக்கட்டளை இன்னொரு பதிவுபெற்ற அறக்கட்டளைக்குக் கொடுக்கும் நன்கொடையில் 85 சதவீதம் மட்டுமே செலவாகக் கணக்கில் கொள்ளப்படுகிறது. நேரடிச் செலவுக்கு அந்தக் கழிவு கிடையாது. அப்படியிருக்க, சட்டம் கேட்காத காகிதங்களை ஊர் அறக்கட்டளைகள் ஏன் கேட்கின்றன? பெரிய நிறுவனங்கள் கேட்கின்றன, அதனால் நாமும் கேட்போம் என்ற பழக்கம்தான்.

மூன்றாண்டுத் தணிக்கை இல்லாவிட்டால் முகம் கொடுக்க மாட்டோம் என்ற விதி அன்றைக்கு இருந்திருந்தால் நாம் எதை இழந்திருப்போம் என்பதற்கு ஆய்க்குடியே சாட்சி. கடற்படை அதிகாரித் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல், சர்வதேச மாற்றுத்திறனாளிகள் ஆண்டில், அங்கே ஒரு கூரைக் கொட்டகையில் சில குழந்தைகளோடு அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அன்று அவரிடம் காட்டுவதற்குக் கணக்குப் புத்தகம் எங்கே இருந்திருக்கும்? அவரையும் அந்தக் குழந்தைகளையும் பார்த்துக் கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். 1992-இல் தசைச் சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் வந்து சேர்ந்தார். இன்று ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறியும் அளவுக்கு அந்த அமைப்பு வளர்ந்திருக்கிறது. ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. முதலில் வந்தது வேலை. நம்பிப் பணம் கொடுத்தார்கள். காகிதம் பிறகு வந்தது. இன்றைய படிவம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. அடுத்த ஆய்க்குடி எந்தக் கொட்டகையில் காத்திருக்கிறதோ, நமக்குத் தெரியாது.

கணக்கில் கறார் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கறாருக்கும் எளிமைக்கும் பகை கிடையாது என்பதற்கு நம் மண்ணிலேயே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சான்று உண்டு. அம்பாசமுத்திரத்தில் கிடைத்த, வட்டெழுத்தில் பொறித்த வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஓர் அறக்கொடையின் பத்திரம்தான். இளங்கோக்குடிக் கோயிலுக்கு மன்னன் கொடுத்தது 290 காசு. அது இளங்கோக்குடிச் சபையார் பொறுப்பில் இருக்க வேண்டும், முதல் அழியக்கூடாது, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டி, ஆக 580 கலம், அந்த நெல்லைக் கொண்டு நாலு வேளை அமுதுபடிக்கு அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, தயிர் எவ்வளவு, வாழைப்பழம் எத்தனை என்று எல்லாமே அளவோடு சொல்லப்பட்டிருக்கிறது. யார் கொடுத்தார், எவ்வளவு, யார் பொறுப்பு, எதற்குச் செலவு, மிச்சம் எப்படி நிற்க வேண்டும். ஒரு நிதியுதவிக்குத் தேவையான எல்லாம் அந்தக் கல்லில், ஊர் மொழியில், ஊரார் கண்ணெதிரே இருந்தது. இன்றைய விண்ணப்பத்துக்கும் இந்த ஐந்து கேள்விகள் போதும்.

எளிதாக்கினால் ஏமாற்றுக்காரர்கள் நுழைந்துவிடுவார்கள் என்று அறங்காவலர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நாம் ஒதுக்கித் தள்ளவில்லை. லெட்டர்பேடை மட்டும் வைத்துக்கொண்டு வசூல் செய்பவர்களை இந்த மாவட்டமும் பார்த்திருக்கிறது. ஆனால் ஏமாற்றுக்காரருக்குத்தான் காகிதம் எளிது. அவரிடம் முத்திரையும் இருக்கும், மூன்று கொட்டேஷனும் இருக்கும், மூன்றும் ஒரே கையெழுத்தில் இருக்கும். நேரில் வந்து நிற்கும் ஆளிடம்தான் அவர் பாச்சா பலிக்காது. மும்பையில் உட்கார்ந்து நாடு முழுவதற்கும் கொடுக்கும் அறக்கட்டளைக்குக் காகிதத்தை விட்டால் கதியில்லை. வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ அலுவலகம் வைத்திருக்கும் அறக்கட்டளைக்கு அந்த நெருக்கடி ஏது? திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ் ஏறினால் அம்பாசமுத்திரமோ களக்காடோ காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடலாம். பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை, பக்கத்துத் தெருவில் ஒரு விசாரிப்பு, வகுப்பு நடக்கும் திண்ணையில் அரை மணி நேரம். ஊர் அறக்கட்டளைக்கு இருக்கும் ஒரே பெரிய பலம் இந்த அருகாமை. அதைக் கைவிட்டுவிட்டு ஏற்றப்பட்ட கோப்புகளை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதானால் அறக்கட்டளை திருநெல்வேலியில் இருப்பதில் என்ன பொருள்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பார்க்கலாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணியின் இரு கரையும் வெள்ளக்காடு. அந்த வாரத்தில் அரிசியும் போர்வையும் ஒரு போன் அழைப்பில் வந்தன. தெரிந்தவர் சொன்னால் போதும் என்று பணம் அனுப்பினார்கள். அந்த நம்பிக்கை சாதாரண நாளில் செல்லாது என்பதற்கு நியாயமான காரணம் எதுவும் நமக்குத் தெரியவில்லை.

இன்னொரு பழக்கமும் மாற வேண்டும். கட்டடம் என்றால், கணினி என்றால், கல்வெட்டில் பெயர் வரும் என்றால் நிதி கிடைக்கிறது. சம்பளம் என்றால் முகம் சுளிக்கிறார்கள். நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதத்துக்கு மேல் கொடுக்கச் சட்டம் இடம் தராது என்று காரணம் சொல்கிறார்கள். சிஎஸ்ஆர் விதியில் அந்த 5 சதவீத வரம்பு நிறுவனம் தன் சொந்த நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்கானது. ஒரு திட்டத்தை நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதற்குள் வராது என்று விதியே விளக்குகிறது. விதியைத் தவறாகப் படித்து அதன் சுமையை ஏழைக் குழுவின் தலையில் ஏற்றுகிறார்கள். பேச்சுப் பயிற்சி தருபவர் இல்லாமல் காது கேளாத குழந்தைக்கு வாங்கிய கருவி அலமாரியில் தூங்கும். கணக்கு எழுதுபவருக்குச் சம்பளம் கொடுக்காமல் கணக்கை மட்டும் சுத்தமாகக் கேட்பது எந்த நியாயத்திலும் சேராது.

எல்லாவற்றையும் விட மனதை நோகடிப்பது மௌனம். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். போன் செய்தால் டிரஸ்டி கூட்டம் இன்னும் நடக்கவில்லை என்கிறார்கள். பெட்டியிலிருந்து சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்து, வரவேற்பறையில் உட்கார்ந்துவிட்டு, ஐயா ஊரில் இல்லை என்ற பதிலோடு திரும்பும் பெண்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். மறுப்பது அறக்கட்டளையின் உரிமை. காக்க வைப்பது உரிமை ஆகாது. பிரிட்டனில் 2021-இல் தொடங்கிய ஓர் உறுதிமொழியில் நூற்றுக்கும் மேற்பட்ட நிதி வழங்கும் அமைப்புகள் சேர்ந்திருக்கின்றன. விண்ணப்பிப்பவரின் நேரத்தை வீணாக்க மாட்டோம், தேவையான கேள்வியை மட்டும் கேட்போம், தொகைக்குத் தக்க அளவில் கேட்போம், விரைந்து முடிவு சொல்வோம் என்பதுதான் அதன் சாரம். இதற்குப் புதிய சட்டமோ புதிய அலுவலகமோ தேவைப்படவில்லை. அறங்காவலர்கள் உட்கார்ந்து ஒரு தீர்மானம் போட்டால் போதும்.

கொடுக்கும் பணத்தைப் பெருக்கவும் வழி இருக்கிறது. அரசின் நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் என்பது பொது ஏற்பாடு. வசதியுள்ள ஊர் தன் பங்கைச் சீக்கிரம் கட்டிவிட்டு வேலையை வாங்கிக்கொள்கிறது. கூலி வேலைக்குப் போகும் தெருக்கள் அந்தப் பங்கைத் திரட்ட முடியாமலே நிற்கின்றன. அந்த மூன்றில் ஒரு பங்கை ஊர் அறக்கட்டளைகள் ஏற்றுக்கொண்டால் ஒரு லட்சம் கொடுத்த இடத்தில் மூன்று லட்சத்துக்கு வேலை நடக்கும். அரசுப் பள்ளிகளுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளித் திட்டம் ஏற்கனவே வழி திறந்து வைத்திருக்கிறது.

கேட்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. வந்த ரூபாய்க்கும் போன ரூபாய்க்கும் ஒரு நோட்டு, தனி வங்கிக் கணக்கு, பில்கள் ஒரு கோப்பில். முடிந்த வேலையை முடிந்தது என்றும், முடியாததை ஏன் முடியவில்லை என்றும் எழுதித் தர வேண்டும். குழந்தைகளின் முகத்தைப் படமெடுத்துக் காட்டி இரக்கம் தேடுவதைக் கைவிட வேண்டும். கொடுப்பவர்களும் அப்படிப் படம் கேட்கக் கூடாது.

யாரிடம் கேட்பது என்பதும் தெரிய வேண்டும் அல்லவா? மகாராஷ்டிரத்தில் 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது அறக்கட்டளைகள் அறக்கொடை ஆணையரிடம் பதிவாகின்றன. நம் மாநிலத்தில் சமயம் சாராத அறக்கட்டளைகளுக்கு அப்படியொரு ஆணையர் இல்லை. பத்திரப் பதிவோடு சரி. எந்த அறக்கட்டளை எதற்குக் கொடுக்கிறது என்பது தெரிந்தவர்களுக்குள்ளேயே சுற்றி வருகிறது. விருப்பமுள்ள அறக்கட்டளைகளின் பெயர், நோக்கம், உதவித் தொகையின் வரம்பு, கடைசித் தேதி ஆகியவற்றைத் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர்கள் ஆண்டுதோறும் தமிழில் ஒரு பட்டியலாக வெளியிடலாம். ஊராட்சி அலுவலகத்திலும் நூலகத்திலும் ஒட்டலாம். புதிய கணக்காண்டு ஏப்ரலில் பிறக்கிறது. ஜூனில் பள்ளி திறக்கிறது; மழை கைகொடுக்கும் ஆண்டில் கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையும் அப்போதுதான் திறக்கிறது. பிள்ளைகளுக்கும் வாய்க்கால்களுக்கும் உதவி அதற்கு முன்னால் கைக்கு வர வேண்டும். ஆகவே சித்திரை பிறக்கும்போது அறிவிப்பும், மே மாதம் முடிவதற்குள் எல்லா விண்ணப்பத்துக்கும் பதிலும் வரும் வகையில் அறங்காவலர்கள் தங்கள் அடுத்த கூட்டத்திலேயே நாள் குறிக்க வேண்டும்.