மலைக்கு வரட்டும் ஆட்டிசப் பயிற்சி

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு நடத்தைப் பயிற்சி தரும் மையத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? மதுரையிலோ கோவையிலோ இருக்கும் பெற்றோர் நான்கு இடங்களைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். பழனி மலைக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. கொடைக்கானலில் இருந்து திண்டுக்கல் ஏறத்தாழ 95 கிலோமீட்டர். மதுரை ஏறத்தாழ 120. மேல்மலையில் மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை போன்ற ஊர்களில் இருப்பவர்கள் முதலில் கொடைக்கானலுக்கே வந்து சேர வேண்டும். கீழ்மலையில் தாண்டிக்குடி, பாச்சலூர் மக்களும் மலையிறங்கித்தான் போக வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவே இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதன் 25ஆவது பிரிவு, அரசு அறிவிக்கும் குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு, குறிப்பாகக் கிராமப்புறங்களில், இருக்கும் இடத்துக்கு அருகிலேயே இலவச மருத்துவ வசதி கிடைக்க வேண்டும் என்கிறது. மூன்று மணி நேரத்துக்கும் மேலான மலைப்பாதைப் பயணத்தை அருகில் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வத்தலக்குண்டு பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பெரியவர்களுக்கே வயிற்றைப் புரட்டும். சத்தமும் நெரிசலும் தாங்காத குழந்தையை விடியற்காலைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய், பழக்கமில்லாத ஓர் அறையில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தால், பயிற்சியாளர் கண்ணில் படுவது பயணக் களைப்புதான். அன்றைய கூலியும் போய்விடும். சீசனில் வாகன நெரிசல். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் கொண்டுவர வேண்டிய அளவுக்கு அது முற்றியது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் பாதையே இல்லை. இப்படி இரண்டு மாதம் அலைந்துவிட்டு ஒரு குடும்பம் நிறுத்திக்கொண்டால், பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று பழி சொல்வது அநியாயம்.

வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி தேவை என்ற பேச்சு இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும். ஈவார் லோவாஸ் 1987இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில் இருந்து வந்த கணக்கு அது. தீவிரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் வழக்கமான வகுப்பில் படிக்கும் அளவுக்கு முன்னேறியதாக அவர் சொன்னார். குழந்தைகள் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்கப்படவில்லை. உரத்த அதட்டலும் தொடையில் அடியும் அந்தப் பயிற்சியில் இருந்தன. இதற்காக அந்த ஆய்வு பின்னாளில் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது. ஆனால் அதே ஆய்வில் பெற்றோருக்கும் விரிவாகப் பயிற்சி தரப்பட்டது. மணிக்கணக்கைச் சொல்லிப் பணம் கேட்பவர்கள் இந்தச் செய்தியைச் சொல்வதில்லை.

ஆகவே முதல் அளவுகோல் எது என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. பெற்றோரை வாசலில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தும் மையம் மலைக் குழந்தைக்கு ஆகாது. வாரத்தில் ஒரு மணி நேரம் மையத்தில் இருக்கும் குழந்தை மற்ற நேரமெல்லாம் வீட்டில் இருக்கிறது. அங்கே என்ன செய்ய வேண்டும் என்று அம்மாவுக்கும் பாட்டிக்கும் கற்றுக்கொடுக்காத பயிற்சி மலை ஏறி வராது.

டிசம்பர் குளிரில் ஸ்வெட்டர் போட்டதும் அலறி, கழற்றி எறிகிற குழந்தையை எடுத்துக்கொள்வோம். அடம் பிடிக்கிறான் என்று கையை இறுக்கிப் பிடித்துப் போட்டுவிடுபவரும் தன்னைப் பயிற்சியாளர் என்றே சொல்லிக்கொள்கிறார். தெரிந்தவர் முதலில் கேள்வி கேட்பார். எப்போது அலறுகிறான்? தலை வழியாக மாட்டும்போதா, போட்ட பிறகா? கம்பளி உறுத்துகிறதா? பிறகு உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை, முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டர், முதல் நாள் பத்து விநாடி, உடனே அவனுக்குப் பிடித்த விளையாட்டு, மறுநாள் இன்னும் சற்று நேரம் என்று படிப்படியாகப் போவார். 'வேண்டாம்' என்பதை அலறாமல் கையாலோ படத்தாலோ காட்டவும் கற்றுக்கொடுப்பார். காட்டினால் கழற்றியும் விடுவார். இதை அருகில் இருந்து பார்க்கும் அம்மா வீட்டிலும் செய்துவிடுவார்.

மற்றவற்றையும் தயங்காமல் கேட்க வேண்டும். சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டின் அந்தக் கழகச் சட்டப்படி, பதிவு இல்லாமல் தொழில் செய்வதற்கு ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அடுத்த மூன்று மாதத்தில் என்ன மாற்றம் எதிர்பார்க்கிறார்கள் என்பதை எழுதித் தரச் சொல்ல வேண்டும். யாரையும் புண்படுத்தாத, கையை உதறும் பழக்கத்தை நிறுத்துவதுதான் இலக்கு என்றால் அந்தச் செலவு வீண். வளர்ந்துவிட்ட ஆட்டிசக்காரர்கள் பலர் இத்தகைய பயிற்சியின் வலியை வெளிப்படையாகச் சொல்லிவருகிறார்கள். பசியைச் சொல்வது, கழிப்பறைக்குப் போவது, சாலையில் ஓடாமல் நிற்பது ஆகியவையே முதலில் வேண்டும். அடிக்கும் இடத்தில் ஒரு நாளும் விடக் கூடாது. பூரண குணம் என்று உறுதி தருபவரிடம் இருந்து எழுந்து வந்துவிட வேண்டும். ஸ்டெம் செல் ஊசி என்று இழுப்பவர்களும் இந்த வகைதான். அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே ஆட்டிசத்துக்கு அதைத் தரக் கூடாது என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வகுத்த நெறி.

நிபுணர்கள் மலைக்கு வர மாட்டார்கள் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். ஒவ்வொரு ஊருக்கும் நிபுணர் வேண்டியதில்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016இல் லான்செட் மனநல இதழில் வெளியானது. நிபுணர் அல்லாத, பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் பெற்றோருக்கு வழிகாட்டினார்கள். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு இசைந்து பழகுவதும், குழந்தை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடின. தமிழ்நாட்டிலேயே ஆய்க்குடி அமர் சேவா சங்கம் சமுதாய மறுவாழ்வுப் பணியாளர்களை வீடுகளுக்கு அனுப்பி, செயலி வழியாக நிபுணர்களோடு இணைத்து இந்த வேலையைச் செய்துவருகிறது.

எனவே திண்டுக்கல் மாவட்ட நிர்வாகமும் மாநில அரசும் செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் வாரத்தில் குறித்த நாட்களில் பேச்சு, செயல், நடத்தைப் பயிற்சியாளர்கள் இருக்க வேண்டும். மாதத்தில் சில நாட்கள் கீழ்மலைக்கும் அந்தக் குழு போக வேண்டும். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள் ஆகியோருக்குப் பெற்றோரைப் பழக்கும் பயிற்சி தர வேண்டும். பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகளும் இதில் விடுபடக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்காக உலக வங்கி உதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' சேவை, சமவெளியோடு நின்றுவிடாமல் மலைக்கிராமங்கள்வரை எட்ட வேண்டும். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தெரபிச் செலவும் அதில் அடங்கும். அதற்கும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மலையிலேயே முகாம் நடத்த வேண்டும். பதிவு பெற்ற பயிற்சியாளர்களின் பட்டியலை ஆட்சியர் அலுவலகம் கட்டண விவரத்தோடு வெளியிட வேண்டும்.

பெற்றோர் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளலாம்; கற்றுக்கொள்ளவும் வேண்டும். ஆனால் போக முடியாத ஊரில் உள்ள மையத்தின் தரத்தை ஆராய்ந்து அவர்களுக்கு என்ன பயன்? இத்தனை சுற்றுலாப் பயணிகளுக்கு வசதி செய்துதரும் அரசு, அதே மலையில் பிறந்த குழந்தைகளுக்கு ஒரு பயிற்சிக் குழுவை அனுப்ப முடியாது என்று சொன்னால் அதை ஏற்க முடியாது. வரும் கல்வியாண்டு தொடங்கும் முன் அந்தக் குழு கொடைக்கானலில் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும்.