கையேந்தும் பிஞ்சுகள்... காசு போட்டா தீருமா?

புதுக்கோட்டை:
மாசியில் திருவப்பூர், பங்குனியில் நார்த்தாமலை, கொன்னையூர் என்று புதுக்கோட்டை மாவட்டத்தில் மாரியம்மன் கோவில் திருவிழாக்களுக்கு பஞ்சமே இல்லை. கூட்டம் கூடுகிற இடத்தில் பலூன், பாசிமணி விற்கிற வாண்டுகளையும், வழிமறித்து கை நீட்டுகிற சிறுமிகளையும் பார்க்கலாம். "ஐயோ பாவம்" என்று அஞ்சோ பத்தோ போட்டுவிட்டு நடையைக் கட்டுபவர்கள்தான் அதிகம். அந்த அஞ்சு ரூபாயால் பிள்ளை பள்ளிக்கூடம் போகப் போவதில்லை. சம்பாதிக்கிற பிள்ளையை எந்த வீடும் லேசில் விடாது.

கடன்தான் காரணம்

ரோட்டுக்கு வரும் பிள்ளைகள் எல்லாம் அனாதைகள் என்ற நினைப்பு தப்பு. பலருக்கு அப்பா, அம்மா இருக்காங்க. கூடவே கடனும் இருக்கு. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பிள்ளையை ஆட்டுக்கிடைக்கு விடுகிற கொடுமை இந்தப் பக்கத்தில் புதுசு அல்ல. 2018 நவம்பர் 16-ந்தேதி வீசிய கஜா புயலில் கீரமங்கலம், ஆலங்குடி பகுதியில் தென்னை மரங்கள் அடியோடு சாய்ந்தன. அதே புயலில் வாழ்வை இழந்த தஞ்சை மாவட்ட குடும்பம் ஒன்று 36 ஆயிரம் ரூபாய்க்கு மகனையே வேலைக்கு விட்டது, அவன் மீட்கப்பட்ட பிறகுதான் வெளியே தெரிந்தது.

கல்குவாரி சொன்ன பாடம்

இதே மாவட்டம் ஒரு காலத்தில் இந்தியாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு வேலை செய்தது. 1990-களின் தொடக்கத்தில் ஷீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, கான்டிராக்டர்கள் கையில் இருந்த கல்குவாரிகள் பெண்கள் குழுக்களுக்கு குத்தகைக்கு விடப்பட்டன. கொத்தடிமையாக கல் உடைத்தவர்களே குவாரியை நடத்தினார்கள். அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தது. 1992-ல் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். கூலி அம்மா கைக்கு வந்தால் முதலில் போவது பிள்ளையின் வயிற்றுக்கும் படிப்புக்கும்தான். அப்பன் கைக்கு வந்தால் எங்கே போகும் என்பது ஊருக்கே தெரியும்.

சட்டத்தில் சந்து

14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைத்தால் 6 மாதம் முதல் 2 வருஷம் வரை ஜெயில், அல்லது 20 ஆயிரம் முதல் 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். பிச்சை எடுக்க விட்டால் 5 வருஷம் வரை உள்ளே போகலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 2016-ல் செய்த திருத்தத்தில், பள்ளி நேரம் போக குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று ஒரு வரி சேர்ந்தது. திருவிழாக் கடையில் நிற்கிற பையனைக் கேட்டால் "எங்க அப்பா கடை" என்பான். அதிகாரி அதுக்கு மேல் என்ன கேட்பார்? 14 முதல் 18 வரை உள்ளவர்களுக்கு சுரங்கம், வெடிபொருள் போன்ற ஆபத்தான வேலை மட்டுமே தடை. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் டீக்கடையில் டம்ளர் கழுவினால் இந்தச் சட்டம் தடுக்காது.

மீட்ட பிறகு?

1098-க்கு போன் போட்டால் காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். மீட்கப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் மாவட்ட குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்த வேண்டும். குழு பெரும்பாலும் பெற்றோரிடமே ஒப்படைக்கும், அது சரிதான். வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் அந்தப் பிள்ளை அடுத்த திருவிழாவுக்கு வேறு ஊரில் நிற்கும்.

இதைத் தடுக்கத்தான் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாசம் 4 ஆயிரம் ரூபாய் உதவித்தொகை இருக்கு. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72 ஆயிரத்துக்குள், நகரத்தில் 96 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். கணவரை இழந்த தாய்மார்களின் பிள்ளைகள், உறவினர் வீட்டில் வளரும் அனாதைகள், மீட்கப்பட்ட குழந்தைத் தொழிலாளர்கள் கேட்கலாம். வருமான சான்று, ஆதார், பேங்க் பாஸ்புக் கேட்பார்கள். ஊர் ஊராகப் போகிற குடும்பத்திடம் முதலில் இல்லாதது இந்த பேப்பர்கள்தான். விண்ணப்பம் வாங்குகிற இடம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம்.