பழைய லாரிகளில் தெர்மோஸ்டாட்: கழற்றுவதற்கு முன் சோதனை

லாரிப் பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டைப் போல விசாரணையே இல்லாமல் தண்டிக்கப்படும் பாகம் வேறு இல்லை. மீட்டர் முள் சிவப்பில் நிற்கிறது என்று வண்டி வந்தால், தண்ணீரை இறக்கி, ஹவுசிங்கைத் திறந்து, உள்ளே இருக்கும் வால்வை எடுத்து வீசிவிட்டு, வெறும் ஹவுசிங்கை மாட்டி அனுப்பிவிடுவது நாமக்கல், சங்ககிரி வட்டாரத்திலும் மற்ற லாரி ஊர்களிலும் நெடுநாள் வழக்கம். குளிர்நாட்டுக்காரன் வைத்தது, இங்கே அடிக்கிற வெயிலுக்கு எதற்கு என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். பத்து, பதினைந்து வயதைக் கடந்த வண்டிகளில் எது வால்வோடு ஓடுகிறது, எது வால்வு இல்லாமல் ஓடுகிறது என்பது ஹவுசிங்கைத் திறந்தால்தான் தெரியும். இந்த வழக்கம் எஞ்சினைக் காப்பதில்லை. எஞ்சினின் ஆயுளைக் குறைக்கிறது, சில எஞ்சின்களில் எந்தச் சூட்டுக்குப் பயந்து வால்வைக் கழற்றினார்களோ அதே சூட்டை வரவழைக்கிறது.

தெர்மோஸ்டாட்டின் வேலை எஞ்சினைக் குளிர்விப்பது அன்று. எஞ்சின் ஓடவேண்டிய குறைந்தபட்ச வெப்பநிலையை நிறுத்திவைப்பதே அதன் வேலை. அதிகபட்சத்தைப் பார்த்துக்கொள்பவை ரேடியேட்டரும் விசிறியும் வாட்டர் பம்பும். 1613, 2515 போன்ற டாடா வண்டிகளின் ‘டிசி’ வகைகளில் வரும் கம்மின்ஸ் 6பிடி எஞ்சினை எடுத்துக்கொண்டால், அதன் தெர்மோஸ்டாட் 83 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்கி 95 டிகிரியில் முழுதாகத் திறக்கும். சித்திரை வெயிலில் காற்று 40 டிகிரி இருந்தாலும் அது 83-ஐவிட 43 டிகிரி குறைவு. ஓடும் வண்டியின் ரேடியேட்டருக்கு அந்த வித்தியாசம் தாராளமாகப் போதும். வெயில் காலத்துக்கு வால்வு வேண்டாம் என்ற வாதம் இந்த ஒரு கணக்கிலேயே விழுந்துவிடுகிறது.

வால்வின் உள்ளமைப்பு எளியது. பித்தளைக் குடுவை ஒன்றில் செப்புத்தூள் கலந்த மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். செப்பு சேர்ப்பது சூடு விரைவாகப் பரவுவதற்கு. மெழுகு உருகும்போது அதன் பருமன் 10 முதல் 15 விழுக்காடு வரை கூடும். அந்த விரிவு ஒரு தண்டை அழுத்த, ஸ்பிரிங்கை மீறி வால்வுத் தட்டு திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் தட்டை மூடிவிடும். 1930-களில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய இந்த மெழுகு முறை வருவதற்கு முன்பு, எளிதில் ஆவியாகும் திரவம் நிரப்பிய மடிப்புக் குழல் தெர்மோஸ்டாட்களே புழக்கத்தில் இருந்தன. அவை ஓட்டையானால் திறந்த நிலையில் நின்றுவிடும். மெழுகுக் குடுவை கசிந்தாலோ கதை மாறுகிறது: தள்ளுவதற்கு விசை இல்லாததால் ஸ்பிரிங் வால்வை மூடியே வைத்திருக்கும். திறந்து நிற்கும் பழுது பெரும்பாலும் வேறு காரணங்களால் வருவது. துரு, உப்புப் படிவு, பேக்கிங் துணுக்கு ஏதாவது தட்டுக்கும் இருக்கைக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்துபோகும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் குடுவையின் மேல் வெள்ளையாகக் காரை படிந்திருக்கும். மெழுகு நன்றாக இருந்தாலும் சூடு உள்ளே போய்ச் சேரத் தாமதமாகும், வால்வும் தாமதமாகவே திறக்கும்.

வால்வைக் கழற்றினால் என்ன ஆகும் என்பது எஞ்சினின் பைபாஸ் அமைப்பை, அதாவது ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீரைப் பம்புக்கே திருப்பும் வழியின் அமைப்பைப் பொறுத்தது. இதைப் பட்டறைகள் கவனிப்பதில்லை. சில எஞ்சின்களில் பைபாஸ் வழி குறுகலானது, எப்போதும் திறந்தே இருப்பது. அங்கே வால்வை எடுத்துவிட்டால் தண்ணீரின் பெரும்பகுதி நேராக ரேடியேட்டருக்குப் போய்விடும், எஞ்சின் சூடேறவே மாட்டாது. வேறு சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை: ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கவும் வேண்டும். கம்மின்ஸ் பி வரிசை இந்த இரண்டாம் வகை. அங்கே வால்வு இல்லையென்றால் பைபாஸை அடைக்க ஆள் இல்லை. தடை குறைந்த வழியைத்தான் தண்ணீர் தேடும். ஆகவே ரேடியேட்டர் பக்கம் போகாமல் பைபாஸ் வழியாகவே பம்புக்குத் திரும்பி, சூடான தண்ணீரே மறுபடி மறுபடி சுற்றிவரும். பாரத்தோடு மலை ஏறும்போது எஞ்சின் கொதித்துவிடும். அந்தத் தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேடு தெர்மோஸ்டாட் இல்லாமல் எஞ்சினை ஓட்டவே கூடாது என்று சொல்வதும் இதனால்தான். ஒரே கைவேலை ஒரு வண்டியைக் குளிரவைத்து இன்னொரு வண்டியைக் கொதிக்கவைக்கிறது. ‘அந்த வண்டிக்குச் செய்தேன், சரியாயிற்று’ என்ற அனுபவத்தை வைத்து அடுத்த வண்டியில் கை வைக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குளிர்ந்து ஓடும் எஞ்சினின் கேடு கண்ணுக்குத் தெரியாதது. அதனால்தான் அது இவ்வளவு காலம் தப்பித்து வந்திருக்கிறது. சிலிண்டர் சுவரில் போதிய சூடு இல்லாவிட்டால் டீசல் முழுமையாக எரியாது. எரியாத டீசல் சுவரில் வழிந்து ஆயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். எரிதலில் பிறக்கும் நீராவி சுவரில் படிந்து, எரிபொருளின் கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகி, ரிங்கையும் சுவரையும் அரிக்கும். ஆயிலில் களிம்பு சேரும். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் கிடைக்கும் டீசலில் கந்தகம் 10 பிபிஎம் அளவுக்குக் குறைந்துவிட்டதால் அமிலத்தின் கொடுமை தணிந்திருக்கிறது. ஆனால் நீர்த்த ஆயிலும் களிம்பும் தணியவில்லை. மலைப்பாதை வண்டிகளுக்கு இது இன்னும் மோசம். திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்த எஞ்சின், திரும்பி இறங்கும்போது ஆக்சிலேட்டரில் கால் படாமல் கியர் பிடிப்பிலேயே வரும். சூடு பிறப்பதில்லை, விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். நல்ல தெர்மோஸ்டாட் அந்த நேரம் ரேடியேட்டர் வழியை மூடி எஞ்சினின் சூட்டைக் காக்கும். பைபாஸ் குறுகலான எஞ்சினில் வால்வும் இல்லையென்றால், அடிவாரம் வந்து சேர்வதற்குள் எஞ்சின் ஆறிப்போயிருக்கும்.

இனி சோதனை. சூடு என்று வரும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது தெர்மோஸ்டாட் அன்று. தண்ணீர் அளவு, விசிறி பெல்ட்டின் இழுவிசை, ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும், ரேடியேட்டர் முகத்தில் அடைந்திருக்கும் வைக்கோல் தூசும் சேறும், வாட்டர் பம்பில் கசிவு ஆகிய இவற்றைப் பார்க்க ஸ்பேனரே வேண்டாம். மீட்டரையும் உடனே நம்பிவிடக் கூடாது. தண்ணீர் குறைந்து சென்சார் முனை ஆவியில் நின்றால், எஞ்சின் கொதிக்கும்போதுகூட முள் கீழேயே கிடக்கும். ஒற்றை ஒயர் சென்சார் உள்ள பெரும்பாலான பழைய வண்டிகளில் அந்த ஒயரைக் கழற்றினால் முள் குளிர்ந்த பக்கம் விழ வேண்டும், பாடியில் தொட்டால் சூடான பக்கம் ஏற வேண்டும். அப்படி ஆடாவிட்டால் பழுது மீட்டரிலோ ஒயரிலோ இருக்கிறது. ஆடினால் அந்த இரண்டும் சரி, சென்சாரைத்தான் தனியாகச் சந்தேகிக்க வேண்டும். அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் இப்போது சிறு பட்டறைகளிலும் இருக்கிறது. பளபளக்கும் அலுமினிய ஹவுசிங்கில் நேராகக் காட்டினால் அது குறைவாகவே காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் பார்த்தால் உண்மை தெரியும்.

எந்த நிலையில் சூடேறுகிறது என்று ஓட்டுநரிடம் கேட்பது பாதி சோதனைக்குச் சமம். வெற்று வண்டியாகச் சமதரையில் ஓட்டும்போது நன்றாக இருந்து, பாரம் ஏற்றி மேடு ஏறும்போது மட்டும் சூடேறினால் சந்தேகம் ரேடியேட்டர் அடைப்பின் மேலும் விசிறியின் மேலும் போக வேண்டும். தெர்மோஸ்டாட் மூடியபடி நின்றுவிட்டால் வெற்று வண்டியும் சமதரையிலேயே, கிளம்பிய சிறிது நேரத்தில் காயும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடனே ரேடியேட்டர் கழுத்தில் குமிழி வந்தாலோ, சூடேறும் முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ ஹெட் பேக்கிங்கைப் பார்க்க வேண்டும். புதிய வால்வு அங்கே எதையும் சரிசெய்யாது.

மேல் ஹோஸ் சோதனைக்கு எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பார்க்க வேண்டும். தோளில் துண்டு போட்டவர் அதை முதலில் எடுத்துவிடவேண்டும், விசிறி அங்கேதான் சுற்றுகிறது. வால்வு சரியாக இருந்தால் ஹோஸ் நெடுநேரம் சில்லென்று கிடந்து, எஞ்சின் 80-ஐத் தாண்டிய பிறகு சட்டென்று சூடேறும். தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் வால்வு திறந்து நிற்கிறது, அல்லது வால்வே இல்லை. எஞ்சின் 95-க்குமேல் போயும் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் வால்வு திறக்கவில்லை, அல்லது ஏர் லாக், அல்லது பம்ப் தள்ளவில்லை.

சந்தேகம் தீர்ப்பது பாத்திரச் சோதனை. வால்வுத் தட்டை விரலால் அழுத்தித் திறந்து, இடுக்கில் ஒரு நூலை வைத்து விட்டால் ஸ்பிரிங் நூலைக் கவ்விக்கொள்ளும். அந்த நூலில் தொங்கவிட்டுத் தண்ணீருக்குள் முழுதும் அமிழ்த்த வேண்டும். வால்வோ தெர்மாமீட்டரோ பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. அடுப்பை மெதுவாக எரியவிட்டு, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே பார்த்தால், திறக்கும் நொடியில் நூல் நழுவி வால்வு கீழே விழும். அப்போதைய வெப்பநிலை, வால்வின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின் இருக்கலாம். அதற்குமேல் விலகினால் வால்வு தேறாது. தொடர்ந்து சூடேற்றி முழுத் திறப்பில் தட்டு எவ்வளவு உயர்ந்தது என்று அளந்து, கையேடு சொல்லும் அளவோடு ஒப்பிட வேண்டும். நேரத்துக்குத் திறந்தும் பாதியோடு நிற்கும் வால்வுதான் ஆளை ஏமாற்றுவது. ரேடியேட்டர் அடைப்பைப் போலவே அது நடந்துகொள்ளும், அதைப் பிடித்துக்கொடுப்பது இந்த அளவு ஒன்றே. ஆறவிட்டு முழுதாக மூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். 2,200 மீட்டருக்குமேல் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குச் சற்று முன்பின்னே கொதித்துவிடும். 95-இல் முழுதாகத் திறக்கும் வால்வை அங்கே வெறும் தண்ணீரில் சோதித்து, திறப்புப் போதவில்லை என்று ஒதுக்குவது தவறு. அங்கே தண்ணீரோடு கூலண்ட் கலந்து கொதிநிலையை உயர்த்திக்கொள்ளலாம்.

மாற்றும்போது எஞ்சின் 50 டிகிரிக்குக் கீழ் இறங்கிய பிறகே மூடியைத் தொட வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100-ஐத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும், மூடி திறந்த நொடியில் முகத்தில் பாயும். தண்ணீரை ஹவுசிங் மட்டத்துக்குக் கீழே இறக்கினால் போதும். 6பிடி-யில் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரின் மேல் போல்ட்டையும் கழற்றினால் ஹவுசிங் வெளியே வரும். பழைய பேக்கிங்கைச் சுரண்டுமுன் திறந்த வாயைத் துணியால் அடைக்க வேண்டும். சுரண்டிய துணுக்கே நாளை புதிய வால்வில் மாட்டிக்கொள்ளும். ஹவுசிங் முகம் அரித்துக் குழிவிழுந்திருந்தால் பேஸ்ட் பூசிச் சமாளிக்கக் கூடாது. உள்ளே பிதுங்கும் பேஸ்ட் உதிர்ந்து ரேடியேட்டர் குழாய்களில் போய் உட்காரும். முகத்தைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும், முடியாதபோது ஹவுசிங்கை மாற்ற வேண்டும்.

புதிய வால்வின் எண் அந்த எஞ்சினுக்கு உரியதா என்று படித்துப் பார்த்தே பொருத்த வேண்டும். சூடாகும் வண்டிக்கு 71 டிகிரி வால்வு போட்டால் குளிரும் என்பது வீண் நம்பிக்கை: அடைபட்ட ரேடியேட்டர் அடைபட்டபடிதான் இருக்கும். மெழுகுக் குடுவை எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். தலைகீழாகப் பொருத்தினால் சூடான தண்ணீர் குடுவையைத் தொடாது, வால்வு மிகத் தாமதமாகவே திறக்கும். காற்று போக ஆடும் ஊசி உள்ள வால்வில் அந்த ஊசி மேல்பக்கம் வர வேண்டும். பைபாஸை அடைக்கும் வகையில், கீழ்த்தட்டு உட்காரும் இடம் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சினில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். 6பிடி-யின் ஹவுசிங் போல்ட்டுகளுக்கு 24 நியூட்டன் மீட்டர் போதும். மாறிமாறி, படிப்படியாக முறுக்காவிட்டால் அலுமினியம் விரிசல் விடும்.

தண்ணீர் ஊற்றுவதில் அவசரம் காட்டினால் செய்த வேலை அத்தனையும் வீண். மூடிய வால்வுக்கு அடியில் காற்று சிக்கிக்கொண்டால் புதிய வால்வும் சூடான தண்ணீரைத் தொடாமல் மூடியே கிடக்கும். புதிய வால்வே பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொடுக்குமுன் ஏர் லாக்கைச் சந்தேகிக்க வேண்டும். காற்றுத் திருகு இருந்தால் அதைத் தளர்த்திவைத்து, காய்ச்சி வடித்த நீரும் கூலண்ட்டும் கலந்து மெதுவாக ஊற்ற வேண்டும். மூடி இல்லாமல் எஞ்சினை ஓடவிட்டு, குமிழி அடங்கி மட்டம் இறங்கும்போதெல்லாம் நிரப்பி, வால்வு திறக்கும் சூடு நெருங்குமுன் மூடியைப் போட வேண்டும். அதன் பிறகு மேல் ஹோஸ் சட்டென்று சூடேறுகிறதா என்று பார்த்து, பாரத்தோடு ஒரு நடை ஓட்டி, எஞ்சின் முழுதாக ஆறிய மறுநாள் காலையில் தண்ணீர் மட்டத்தையும் ஹவுசிங் விளிம்பையும் ஒருமுறை பார்த்தே வண்டியை ஒப்படைக்க வேண்டும்.