பசங்களைத் திட்டறதை நிறுத்துங்க, கூத்துக்குள்ள கூப்பிடுங்க



"இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கூத்து எங்க புரியுது? எப்பப் பாரு செல்லுதான்." நம்ம நாட்றம்பள்ளி பக்கம் எந்த டீக்கடையில நின்னாலும் பெரியவங்க வாயில இந்தப் பேச்சுதான். என் வயசுக்காரங்களும் இதையே சொல்றாங்க. எனக்கு இதுல துளியும் உடன்பாடு கிடையாது. பசங்க கூத்தை விட்டு ஓடிட்டாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி, கூத்துல அவங்களுக்கு என்ன வேலை கொடுத்தோம்னு சொல்லுங்க.

நம்ம வட ஆற்காட்டுச் சீமையில திரௌபதி அம்மன் கோயில் பாரதம் எப்படி நடக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து. நடுவுல அர்ஜுனன் தபசு, கடைசியில படுகளம், தீமிதி. இதுல படுகளத்து துரியோதனனை மட்டும் யோசிச்சுப் பாருங்க. மல்லாந்து படுத்த மாதிரி பெரிய மண் உருவம். வண்டி வண்டியா மண் வேணும், மிதிச்சுக் குழைக்கக் கால் வேணும், சுமக்கத் தோள் வேணும். அதுக்கு இளவட்டம் வேணும். கை எவ்வளவு நீளம், தொடை எங்க வரணும், கிரீடம் எப்படி நிக்கணும்னு சொல்ல ஒரு கிழவர் வேணும். ரெண்டு பேர்ல ஒருத்தர் இல்லைன்னாலும் துரியோதனன் உருவாக மாட்டான். பீமன் தொடையில அடிச்சு, திரௌபதி கூந்தலை முடிச்ச பிறகு, அந்த மண்ணுல ஒரு பிடி எடுத்துட்டுப் போற வழக்கமும் உண்டு. தாத்தாவும் பேரனும் ஒண்ணா சேர இதைவிடப் பெரிய ஏற்பாடு எவன் கண்டுபிடிக்க முடியும்?

ஆனா இன்னைக்கு இளைஞர்களுக்குக் கிடைக்கிற வேலை ரெண்டுதான். வசூல் நோட்டு தூக்கறது, பேனர் கட்டறது. யார் முதல்ல, எந்த வேஷம், எந்த நாள்னு முடிவு பண்றது எல்லாம் பெரிய தலைங்க. கேள்வி கேட்டா "சின்னப் பையன் சும்மா இரு". சும்மா இருன்னு சொன்னா அவன் சும்மா இருப்பானா, செல்லைத்தான் எடுப்பான். பாட்டுக் கச்சேரிக்காரனுக்குக் கேட்ட பணத்தை எண்ணிக் கொடுக்கிற அதே கை, கூத்து வாத்தியார்கிட்ட நூறுக்கும் இருநூறுக்கும் பேரம் பேசுது. அதைப் பசங்க பார்த்துட்டுத்தான் இருக்காங்க. எதுக்கு மதிப்புன்னு அவங்களுக்கு யாரும் தனியா பாடம் எடுக்க வேணாம்.

அடுத்தது நேரம். கூத்தோட நேரம் விவசாயியோட நேரம். அறுப்பு முடிஞ்சு நிலம் சும்மா கிடக்கிற காலத்துல ராத்திரி முழிச்சா பகல்ல தூங்கிக்கலாம். இன்னைக்கு ஊர்ல பல வீடு ஓடறது கம்பெனி நேரத்துல. ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைக்கும் ஷூ கம்பெனிக்கும் காலையில சோறு கட்டிக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கிற பொண்ணு, விடிய விடிய உட்கார்ந்து கூத்து பார்க்க முடியுமா? "விடிய விடிய ஆடினாத்தான் கூத்து, குறைச்சா சாமி குத்தம்"னு ஒரு பதில் வருது. அந்தப் பொண்ணு பார்க்கவே முடியாத நேரத்துல ஆடறது மட்டும் சாமிக்கு ஆகுமா?

மாத்தினா கெட்டுடும்னு சொல்றவங்க செய்யாறு பக்கத்துல இருக்கிற புரிசையைப் பார்க்கட்டும். கண்ணப்ப தம்பிரான் பரம்பரை, தலைமுறை தலைமுறையா கூத்து ஆடற குடும்பம். அந்தக் கூத்தைப் பார்த்து அசந்து போன எழுத்தாளர் ந. முத்துசாமி 1977ல சென்னையில கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். கண்ணப்ப தம்பிரானும் பட்டணத்துப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். புரிசைக்காரங்க மார்க்வெஸ்னு ஒரு வெளிநாட்டு எழுத்தாளரோட கதையைக்கூட கூத்தா ஆடினாங்க. அதனால பாரதம் அழிஞ்சு போகலை, இன்னும் ஆடிக்கிட்டுத்தான் இருக்காங்க. புதுசா வர்ற ஆளைப் பார்த்து அவங்க கதவைச் சாத்தலை.

அரசாங்கமும் ஒண்ணும் செய்யாம இல்லை. 2022ல இருந்து அரசுப் பள்ளிகள்ல கலைத் திருவிழா நடக்குது. நல்ல காரியம். ஆனா பிள்ளைங்க யூடியூப்பைப் பார்த்துப் பழகிட்டுப் போய், சில நிமிஷம் ஆடி, மார்க்கு வாங்கிட்டு வருது. முகவீணை ஊதறவரும் மத்தளம் அடிக்கிறவரும் பக்கத்துத் தெருவுல வேலை இல்லாம உட்கார்ந்திருக்காங்க. அவங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைச்சுட்டுப் போய் உட்கார வைக்க எந்த ஊர்ப் பெரியவராவது கிளம்பினாரா?

கூத்துல பசங்களுக்குச் சொல்ல ஒண்ணுமில்லைன்னு நினைக்காதீங்க. துகில் உரிதல்ல, தன்னையே தோத்தவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமைன்னு திரௌபதி சபையைப் பார்த்துக் கேட்கிறா. பெரிய பெரிய ஆளுங்க தலையைக் குனிஞ்சுக்கிறாங்க. சம்பளத்தைக் கொண்டாந்து வீட்டுல கொடுத்துட்டு, தன் கல்யாணப் பேச்சுல வாய் திறக்க முடியாம நிக்கிற பொண்ணுக்கு அந்தக் கேள்வி புரியாதா? கட்டியங்காரன் எதுக்கு இருக்கான்? பழைய கதைக்கு நடுவுல பாலாத்துல ஓடின கழிவையும், பஞ்சாயத்துக் கணக்கையும் இழுத்து வந்து கிண்டல் பண்றதுக்குத்தானே? அந்த வேஷத்தை ஒரு இருபது வயசுப் பையன்கிட்ட கொடுத்துப் பாருங்க. பேசுவான். பெரிய தலைங்களுக்கு அந்தப் பேச்சுதான் பயம்னு நினைக்கிறேன்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், கோபப்பட்டாலும் பரவாயில்லை. ஒரு தெருக்காரன் முன்னாடி உட்காரணும், இன்னொரு தெருக்காரன் தள்ளி நிக்கணும்னா, அந்த நினைவு எல்லாருக்கும் பொதுவான நினைவு ஆகாது. தள்ளி நிறுத்தினவரோட பேரன் ஏன் வரலைன்னு கேட்க யாருக்கும் உரிமை கிடையாது.

அதனால வர்ற ஊர்க்கூட்டத்துல நான் கேட்கப் போறது நாலே நாலு. கூத்துல முக்கியமான ஒரு ராத்திரி சனிக்கிழமை வரட்டும், அன்னைக்கு முன்னேரத்துலயே திரை பிடிக்கட்டும். படுகளத்து மண் உருவம் கூலிக்கு விடாம எல்லாத் தெருப் பிள்ளைங்களும் சேர்ந்து, மூத்தவங்க சொல்லச் சொல்ல செய்யட்டும். கச்சேரிக்குக் கொடுக்கிற பணத்துல ஒரு பங்கு, கோடை லீவுல பிள்ளைங்களுக்குப் பழக்கற வாத்தியாருக்குப் போகட்டும். பழக வர்றதுல ஆம்பளைப் பிள்ளை, பொம்பளைப் பிள்ளை வித்தியாசம் வேணாம்.

இது முடியாதுன்னா முடியாதுன்னு கூட்டத்துலயே சொல்லிடுங்க. அப்புறம் டீக்கடையில நின்னு பசங்களைத் திட்டக் கூடாது.