40-ல இருந்து 61: இந்தக் கணக்கை ஒழுங்காப் படிங்க!

"ஃப்ரீன்னு சொன்னதும் பொம்பளைங்க சும்மா ஊர் சுத்துறாங்க. ஆம்பளைங்க பஸ்ஸை விட்டே ஓடிட்டாங்க."

இந்த ஃபார்வர்டு உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்திருக்கும். ஆதாரமா அவங்க காட்டுறது நம்ம அரசு சொன்ன எண்ணைத்தான். மகளிர் விடியல் பயணம் வந்த பிறகு, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களின் பங்கு 40 சதவீதத்தில் இருந்து 61 சதவீதமாக உயர்ந்தது. அப்போ ஆண்கள் 60-ல இருந்து 39-க்கு விழுந்துட்டாங்களாம்!

உடன்பிறப்பே, சதவீதம் வேற, தலைக்கணக்கு வேற.

முன்னாடி 100 பேர்: ஆண்கள் 60, பெண்கள் 40. இப்போ அதே 60 ஆண்கள், பெண்கள் 94. மொத்தம் 154. பெண்களின் பங்கு எவ்வளவு? 61 சதவீதம். ஒரு ஆண்கூட இறங்கல! பங்கை மட்டும் வெச்சு யாரு பஸ்ஸை விட்டுப் போனாங்கன்னு சொல்லவே முடியாது. சொல்றவங்க ஒண்ணு கணக்குத் தெரியாதவங்க, இல்ல தெரிஞ்சே ஏமாத்துறவங்க.

அடுத்தது, "சும்மா ஊர் சுத்துறாங்க."

மாநிலத் திட்டக்குழு ஆய்வு என்ன சொல்லுது? ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம். மிச்சம்னா என்ன? ஏற்கனவே கையை விட்டுப் போயிட்டிருந்த காசு! 26 வேலை நாளுக்குப் பிரிச்சா நாளுக்கு 34 ரூபாய். வேலைக்குப் போய்த் திரும்புற செலவு மாதிரி இருக்கா, ஊர் சுத்துற செலவு மாதிரி இருக்கா?

சரி, முன்னாடி போகாத இடத்துக்கு இப்போ போறாங்கன்னே வெச்சுக்குவோம். அதுல என்ன தப்பு? 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, எதுல பயணம் பண்றீங்கன்னு கேட்டது வேலைக்குப் போறதைப் பத்தி மட்டும்தான். அதுலயும் விவசாயிகளையும் விவசாயக் கூலிகளையும் கேட்கவே இல்ல. மாமியாரை ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போனது, பிள்ளையை ஸ்கூல்ல விட்டது, சந்தைக்குப் போனது எதுவுமே கணக்குல வரல. எண்ணாத பயணத்தை "வெட்டிப் பயணம்"னு சொல்ல இவங்க யாரு? பைக் எடுத்துட்டுப் போற ஆம்பளையை எங்க போறேன்னு யாராவது கேட்டாங்களா?

இப்போ நமக்கும் ஒரு வார்த்தை. "இத்தனை நூறு கோடி பெண்கள் பயன்"னு போஸ்டர் போடாதீங்க. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டு மக்களே சுமார் 7.2 கோடிதான். அது பெண்களின் எண்ணிக்கை இல்ல, பயணங்களின் எண்ணிக்கை. தினமும் வேலைக்குப் போற ஒரு அக்காவுக்கு மாசம் 52 டிக்கெட். வழியில பஸ் மாறினா 104. தப்பாப் போட்டா, நல்ல திட்டத்தை நாமளே கேலிக்குக் கொடுத்த மாதிரி ஆயிடும். உண்மை எண்ணே நமக்குப் போதும்.

2021 மே 7, பொறுப்பேற்ற அன்றே முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இதுக்குக் கையெழுத்துப் போட்டார். அதுக்கு முன்னாடி எப்படிப் போனீங்க, அந்தக் காசு இப்போ எதுக்கு ஆகுதுன்னு உங்க அம்மாகிட்ட, அக்காகிட்ட கேளுங்க. அவங்க சொல்றதை எழுதுங்க. அடுத்த ஃபார்வர்டுக்கு அதுதான் பதில்.

#மகளிர்விடியல்பயணம்