ஓலை வைத்த ஊரில் உலாவியின் மறதி

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் 2022இல் திறந்த ஓலைச்சுவடி அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் சுருணை எனும் ஓலைக்கட்டுகளைப் பார்த்திருப்பார்கள். வட்டெழுத்திலும் கோலெழுத்திலும் கட்டுக்கட்டாகத் திருவிதாங்கூர்க் கணக்குகள். எதையும் லேசில் எறிந்துவிடாத ஊர். அங்கிருந்து வந்த சூட்டோடு, போன வருஷம் படித்த ஒரு பக்கத்தை என் கணினியில் தேடினேன். காணோம்! குரோம் உலாவி 90 நாளுக்கு முந்தைய வரலாற்றைத் தானாகவே கழித்துவிடுகிறது. ஃபயர்ஃபாக்ஸ் சேதி வேறு. அது நாளை எண்ணுவதில்லை, பக்கங்களை எண்ணுகிறது. கணினியின் நினைவகம், வட்டில் உள்ள இடம் இரண்டையும் பார்த்துத் தானே ஓர் உச்சவரம்பு போட்டுக்கொள்கிறது. அது நிரம்பியதும் பழையவை போய்விடும்; புத்தகக்குறி இட்டவற்றை மட்டும் தொடாது. வரம்பை நாமும் மாற்றலாம். ஆனால் முகவரிப் பட்டையில் ‘அபவுட்:கான்ஃபிக்’ என்று தட்டி, அது காட்டும் எச்சரிக்கையைத் தாண்டி, ‘பிளேசஸ்.ஹிஸ்டரி.எக்ஸ்பைரேஷன்.மேக்ஸ்_பேஜஸ்’ என்ற அமைப்பை ஆங்கிலத்தில் எழுத்துப் பிசகாமல் உருவாக்கி, எண்ணைக் கொடுக்க வேண்டும். (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கோட்டையில் ஏறிய ஆட்டோ தம்பானூர் போய்விடும்.) நம் நினைவுக்கான வரம்பைச் சாதாரண அமைப்புப் பக்கத்திலேயே வைத்தால் என்ன குறைந்துவிடும்? வரம்பைக் குறைத்தால் ரகசியம் காக்கப்படும் என்றும் நம்ப வேண்டாம். அழிவது உங்கள் கணினியில் இருக்கும் பிரதி மட்டும்தான். நீங்கள் போன தளம் தன் கணக்கைத் தனியே எழுதி வைத்திருக்கும். வேண்டிய பக்கத்துக்கு இன்றே புத்தகக்குறி போட்டுவிடுங்கள்.